எட்டுப் பெண்கள், ஒரு கிடங்கு, ஒரு ராத்திரி: பேச்சாலேயே நகரும் படத்தை ஏற்காட்டில் எழுதி எடுப்பது எப்படி?

கேள்வி இது: ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஒரே மேஸ்திரியால் பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்கள், ராத்திரி முழுக்கக் கிடங்கில் உட்கார்ந்து பேசி, விடிவதற்குள் என்ன செய்வதென்று முடிவெடுக்கிறார்கள். தொண்ணூறு நிமிடப் படம். பாட்டு, சண்டை, ஃப்ளாஷ்பேக் எதுவும் கிடையாது. 'விமன் டாக்கிங்' போல வர வேண்டும், ஆனால் மேடை நாடகம் மாதிரி ஆகிவிடக் கூடாது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நாடகம் மாதிரி ஆவதற்கு ஒரே அறையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் நடந்ததையே ஆளுக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தால் படம் அங்கேயே நின்றுவிடும். நடந்தது அந்த எட்டுப் பேருக்கும் தெரியும். ஒருத்தி இன்னொருத்திக்குக் கதை சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர்களுக்குத் தெரியாதது, விடிந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்பது ஒன்றுதான். ஒவ்வொரு வசனமும் அந்த முடிவை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். இழுக்காத வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

நீங்கள் சொன்ன 2022 படத்தில் இயக்குநர் சாரா பாலி செய்திருப்பதும் இதுதான். பொலிவியாவில் மனிடோபா காலனி என்ற மெனோனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடியிருப்பில் 2005 முதல் 2009 வரை மாட்டுக்கான மயக்க மருந்தைத் தெளித்துப் பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமைதான் அதற்கு வேர். ஆனால் அந்தக் கொடுமை திரையில் வராது, அதற்குப் பிந்தைய விடியல்தான் வரும். ஒன்றும் செய்யாமல் இருப்பதா, இருந்து போராடுவதா, கிளம்பிப் போவதா என்று மூன்றே வழிகள். ஆண்கள் ஜாமீன் எடுக்க டவுனுக்குப் போயிருக்கும் இடைவெளிதான் கெடு. இந்தக் கட்டமைப்பு உங்களுக்குப் பாடம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு ஆண் குறிப்பெடுப்பதை மட்டும் இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள். நம்மிடம் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது: மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மான நோட்டு. தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே பக்கத்து தர்மபுரியில்தான். கூட்டத் தேதி, வந்தவர் பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு, கடைசியில் "ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வழக்கமான வரி. அந்த 'ஒருமனதாக' என்ற ஒற்றைச் சொல்லை எழுதலாமா கூடாதா என்பதிலேயே பத்து நிமிடச் சீன் இருக்கிறது. எழுதத் தெரிந்த பெண் எதை எழுதாமல் விடுகிறாள் என்பதில் இன்னொன்று.

அடுத்தது கெடு. 'விடிவதற்குள்' என்று சும்மா வைத்தால் பார்ப்பவர் நம்ப மாட்டார், ஏன் நாளைக்குப் பேசக் கூடாது என்று கேட்பார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) உங்களுக்கு ஒரு நிஜக் கெடு தருகிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவென்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். இங்கேதான் பலர் தப்பு செய்வார்கள். காரணத்தைப் பதிவு செய்து குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், போலீஸில் கொடுக்கும் பாலியல் வன்கொடுமைப் புகாருக்கு இந்த மூன்று மாதக் கணக்கே கிடையாது. எனவே 'நாளையோடு எல்லாம் முடிந்தது' என்று படம் சொன்னால் பொய், பார்க்கிற பெண்களுக்குக் கெடுதலும்கூட. ஒருத்தி அப்படி நம்புகிறாள், இன்னொருத்தி திருத்துகிறாள் என்று எழுதுங்கள். கெடு தளர்ந்ததும் அறைக்குள் என்ன ஆகிறது? "அப்ப இன்னொரு நாள் பேசிக்கலாம்" என்று நாலு பேர் எழுந்திருப்பார்கள். இடைவேளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இன்னொன்று: புகார் கொடுத்தவர் கேட்டால் சமரசம் உண்டு, ஆனால் பணம் அந்தச் சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தோட்டத்துத் தரப்பிலிருந்து ஒரு கவர் வந்திருக்கிறது என்று வைத்தால் அது எவ்வளவு கனமான கவர் என்று இப்போது புரியும். பாதிக்கப்பட்டவர் மலையாளிப் பழங்குடிப் பெண்ணாகவும் (இந்த மலைவாழ் மக்கள், கேரளத்துக்காரர் அல்ல) மேஸ்திரி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராகவும் இருந்தால் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உள்ளே வரும். அது எட்டுப் பேரையும் ஒரே மாதிரி நடத்தாது. அந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள், அறைக்குள்ளேயே சண்டையாக்குங்கள்.

சேலத்துக்காரர் யார் இதை எழுத உட்கார்ந்தாலும் வாச்சாத்தி நினைவுக்கு வரும். தர்மபுரி மாவட்டத்து மலைக் கிராமம் அது; 1992 ஜூன் 20, சோதனைக்கு வந்த அரசு ஊழியர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் பதினெட்டுப் பெண்கள். 2011-ல் தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு. 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதை எடுத்து எஸ்டேட் கதைக்குள் ஒட்டவைப்பது தவறு. அங்கே எதிரே நின்றது அரசுத் துறைகள். தனியார் தோட்டத்து மேஸ்திரி அல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு கணக்கை மட்டும்: பெண்கள் சேர்ந்து சொன்ன சொல், முதல் தீர்ப்பு வருவதற்கே பத்தொன்பது வருடம் நிற்க வேண்டியிருந்தது. உங்கள் எட்டுப் பேரில் வயதான ஒருத்திக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கும்.

எழுதும்போது ஒரு பெரிய சார்ட் பேப்பரில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் எட்டுப் பெயர், மேலே காட்சி எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பெண் அந்தக் காட்சியின் முடிவில் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று ஒரே சொல்: புகார், பணம், ஊரைவிட்டுப் போவது, அடிப்பது, சும்மா இருப்பது. கடைசிவரை ஒரே சொல் வரும் வரிசை இருந்தால் அந்தப் பெண் பாத்திரம் ஆகவில்லை, கருத்தாக நிற்கிறாள். அவளை இன்னொருத்தியோடு சேர்த்துவிடுங்கள். ஒரு காட்சியின் நெட்டுக் கட்டத்தில் யாருமே மாறவில்லை என்றால் அந்தக் காட்சியே வேண்டாம். எட்டு என்பதே மேல் எல்லை என்பேன்; பத்தானால் முதல் அரைமணி நேரம் பெயர் மனசில் நிற்காது.

வசனம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டித்தான் மலை ஏறப் போகிறீர்கள். அடுக்குமொழி வசனத்துக்குப் பேர்போன வாசல் அது. அந்தக் காதை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு ஏறுங்கள். முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"அந்த மேஸ்திரி என்னக் கெடுத்தப்போ நான் கத்துனேன். யாரும் வரல. அன்னைக்கே நான் செத்துட்டேன்."

இது கோர்ட்டுக்கும் சேராது, கிடங்குக்கும் சேராது. இதையே, மிளகுக் கொத்து உதிர்த்துக்கொண்டே பேசுவதாக, இப்படிப் பாருங்கள்:

"அன்னைக்கு மூட்டைய யாரு எறக்குனா?"
"என்னைக்கு?"
"தெரியாத மாதிரி கேக்காத கண்ணு."
"நாந்தான் எறக்குனேன்."
"தனியாவா?"
"கொத்து நெறைய கெடக்குது, அதப் பாருக்கா."

நடந்ததற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. 'தனியாவா' என்ற கேள்வியில் கேட்டவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, பதில் வராததில் நமக்கும் தெரிந்துவிட்டது. 'கண்ணு' என்பது சேலம் பக்கத்துக் கூப்பாடு. 'அங்கிட்டு இங்கிட்டு' என்று மதுரையை உள்ளே விடாதீர்கள். முறைச்சொல்தான் இங்கே ஆயுதம். 'பாருக்கா' என்று உரிமையோடு சொன்னவள் மூன்று சீன் கழித்து அதே அக்காவிடம் 'பாருங்க' என்று மாறினால், உறவு அறுந்தது என்று வேறு வசனம் எழுத வேண்டியதில்லை.

நடந்ததை ஒவ்வொருத்தியும் எந்தச் சொல்லால் சொல்கிறாள் என்று தனிப் பட்டியல் வையுங்கள். 'அந்தச் சமாச்சாரம்' என்பாள் ஒருத்தி. 'கெட்டுப்போயிட்டேன்' என்பாள் ஒருத்தி; உடனே இன்னொருத்தி "கெட்டது நீயா, அவனா?" என்று பிடித்துக்கொள்ளலாம். இளையவள் கூச்சமில்லாமல் சட்டச் சொல்லைச் சொல்வாள், கிழவி காதைப் பொத்துவாள். ஒருத்திக்குக் கடைசிவரை சொல்லே இருக்காது. இந்தப் பட்டியல் ஒருவர் சொல் இன்னொருவர் வாயில் தவறி வந்துவிடாமல் காக்கும்.

கைக்கு வேலை கொடுங்கள். சும்மா வட்டமாக உட்கார்ந்து பேசினால் அது கூட்டம். வேலை செய்துகொண்டு பேசினால்தான் வாழ்க்கை. புளி தட்டுவதாகச் சிலர் எழுதுவார்கள், ஆனால் புளி அடிவாரத்துச் சங்கதி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காப்பியும் மிளகும்தான். சில்வர் ஓக்கில் ஏறிய கொடியிலிருந்து பறித்த மிளகுக் கொத்தை உதிர்ப்பது சரியான வேலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொத்தின் காம்பைப் பிடித்து, நுனிவரை ஒரே இழுப்பு. மணிகள் கொட்டும், வெறும் நரம்பு கையில் நிற்கும். மிளகு உதிர்த்த கை கண்ணில் பட்டால் எரியும். அதனால் அந்தப் பெண்கள் விரலால் கண்ணைத் துடைக்கவே மாட்டார்கள். முழங்கையை மடித்தோ, தோளில் முகத்தைச் சாய்த்தோதான் துடைப்பார்கள். நடிகைகளுக்கு இதை ஒத்திகையிலேயே பழக்குங்கள். கிளிசரின் கேட்கிற நேரத்தில் நிஜ எரிச்சல் வந்து ஒரு மணி நேரம் போய்விடும் என்பது ஒரு பக்கம். அழுகையை வழக்கமான சைகையிலிருந்து காப்பாற்றுகிறது என்பது இன்னொரு பக்கம். தகரத் தட்டில் மணி விழுந்தால் மைக்கில் கல்மழை மாதிரி கேட்கும், அடியில் சாக்கை மடித்துப் போடுங்கள். பச்சை மிளகு பச்சையாகவே நிற்காது, அடுத்தடுத்த நாளில் கறுக்கும். கதை ஒரே ராத்திரி, படப்பிடிப்பு பதினெட்டு நாள் என்பதால் ரெண்டு நாளுக்கொருதரம் புதுக் கொத்து வர ஏற்பாடு வேண்டும். குவியலின் உயரத்தை ஒவ்வொரு காட்சிக்கும் அளந்து குறித்துக்கொள்ள உதவி இயக்குநர் ஒருவரைத் தனியாகப் போடுங்கள். எடிட்டிங்கில் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் குவியல்தான்.

மிளகுக்காக என்றால் பிப்ரவரி, மார்ச் தொடக்கம். காப்பி பறிப்பு நவம்பரிலிருந்து ஜனவரிவரை. அப்போது பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும், கிடங்கும் கிடைக்காது. மேயில் கோடை விழாக் கூட்டம், கொண்டை ஊசி வளைவு இருபதிலும் ஹாரன். லைன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) அறையில் எட்டுப் பேரும் கேமராவும் அடங்காது, இருபதுக்கு முப்பது அடியாவது வேண்டும், அதனால்தான் கிடங்கு. ஒத்திகையை மேலே வைத்து லாட்ஜ் வாடகை கட்டாமல், சேலத்தில் ஏதாவது ஹாலில் அதே அளவுக்குத் தரையில் டேப் ஒட்டிப் பத்து நாள் முடித்துவிடுங்கள்.

சத்தத்துக்குத்தான் பட்ஜெட்டில் முதல் இடம். இந்தப் படத்தை டப்பிங்கில் மீட்க முடியாது. மூச்சும் தயக்கமும் ஸ்டுடியோவில் திரும்ப வராது. லைவ் சவுண்ட் என்று முடிவெடுத்தால் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை முதல் நாளே நிறுத்த வேண்டும்: கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வசனத்தைப் பிராம்ப்ட் பண்ணுவது. மனப்பாடம் வராத நடிகை இந்தப் படத்துக்கு வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். எட்டுப் பேருக்கும் தனித்தனி காலர் மைக், மேலே ரெண்டு பூம் மைக், எல்லாவற்றுக்குமாகப் பத்து டிராக்காவது உள்ள ரெக்கார்டர். கஞ்சி போட்ட புதுப் புடவை மைக்கில் சரசரக்கும், நாலைந்து தரம் துவைத்துப் போடச் சொல்லுங்கள். தாலிச் சரட்டையும் மைக்கையும் ஒட்ட விடாமல் மெடிக்கல் டேப்பால் பிரித்து ஒட்டுங்கள். கண்ணாடி வளையல் யாருக்கு என்பதைக் காஸ்ட்யூம் டிசைனரும் சவுண்ட் ஆளும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஒரே ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால், அவள் கை நின்றுபோவது தானாகவே காதில் விழும்.

தகரக் கூரை வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் டக், டக் என்று விடும். காலை எட்டரையிலிருந்து பத்து, மாலை நாலரைக்குப் பிறகு நெருக்கமான வசனம் வைக்காதீர்கள். கதை ராத்திரியில் நடந்தாலும் பகலில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து எடுப்பதே மேல். நிஜ ராத்திரியில் சில்வண்டுச் சத்தம் ஷாட்டுக்கு ஷாட் ஏறி இறங்கி எடிட்டரைக் கொன்றுவிடும். சில்வண்டைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கலாம். பகலில் தொல்லை குக்குறுவான் பறவை. அந்த மாதத்தில் விடாமல் கூவும். நள்ளிரவுக் காட்சியின் பின்னணியில் அது கேட்டால் மலையில் பிறந்த யாரும் சிரித்துவிடுவார்கள். சுவரிலும் தரையிலும், ஃபிரேமில் தெரியாத இடமெல்லாம் பவானி ஜமுக்காளம் விரித்தால் எதிரொலி பாதி குறையும். ஒருத்தியின் குளோஸ்-அப் எடுக்கும்போது ஃபிரேமுக்கு வெளியே இருப்பவர்கள் அவள் வசனத்தின் மேல் ஏறிப் பேசக் கூடாது, அரை நொடி விட்டுப் பேசட்டும். மேலே மேலே விழுகிற பேச்சை எடிட்டிங்கில் உண்டாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு செட்டப் முடிந்ததும் எட்டுப் பேரும் அறைக்குள்ளேயே இருக்க ஒரு நிமிடம் அறையின் ஓசையை மட்டும் பதியுங்கள். ஆள் இல்லாத அறையின் ஓசை வேறு.

வட்டமாக எட்டுப் பேர் என்றால் லுக் தப்பும், அதாவது யார் யாரைப் பார்க்கிறார் என்ற திசை குழம்பும். இதில்தான் பாதிப் படம் வீணாகும். இருக்கைகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டுத் தரைப்படம் வரைந்து, யாருடைய குளோஸ்-அப்பில் யார் கேமராவுக்கு இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்று முன்னாலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். எட்டுத் தோள்கள் மாறி மாறி வந்தால் யார் எங்கே என்று குழம்பும். ஒரு சுவரைப் பார்க்கும் ஷாட்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு லைட்டை மாற்றுவது சிக்கனம்தான். ஆனால் உணர்ச்சி ஏறிக்கொண்டே போகும் காட்சிகளில் சிக்கனத்தை விட்டுவிட்டுக் கதை வரிசையில் எடுங்கள். கேமரா எந்தப் பக்கம் நிற்கலாம் என்று வகுக்கும் லைன் மாற வேண்டுமென்றால் யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போகட்டும். அந்த நகர்வோடு கேமராவும் எதிர்ப்பக்கம் போகலாம். அப்படி எழுந்திருப்பது முடிவு மாறும் இடத்திலேயே வந்தால் ரெண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

லென்ஸுக்கு சிட்னி லூமெட்டின் வழி இன்னும் செல்லும். ஒரே அறையில் பன்னிரண்டு ஜூரிகள் பேசும் 1957 படமான '12 ஆங்ரி மென்'-ல், போகப் போக நீள லென்ஸுக்கு மாறினார். கேமராவையும் கண் மட்டத்துக்கு மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். சுவர் நெருங்கி, கடைசியில் கூரை தெரியும். ஃபிரேமின் உயரத்தைவிட அகலத்தை மிகக் கூட்டும் அகல விகிதத்தில் மட்டும் ஆசைப்படாதீர்கள். 'விமன் டாக்கிங்' 2.76-க்கு 1. ஐம்பத்தைந்து அங்குல டிவியில் படத்தின் உயரம் சுமார் 44 சென்டிமீட்டர்தான் வரும், 2-க்கு 1 வைத்தால் 61. போனில் பார்ப்பவருக்கு அது நாடா மாதிரி. உங்கள் படம் முகங்களை நம்பியது, 2-க்கு 1 போதும். ஒளிக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஒரு தொங்கும் பல்பு, அதன் நிறத்துக்கு மற்றதெல்லாம். கேமராவையும் லென்ஸையும் ராத்திரி கிடங்கிலேயே காவல் போட்டு வையுங்கள். குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கி ஆள் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்தால் பனி பூத்து அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்.

நடிப்பவர்களைப் பற்றி. உள்ளூர்ப் பெண்களை நடிக்க வைத்தால், எட்டில் ஒருவருக்காவது சொந்த அனுபவம் இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். ஸ்கிரிப்டை முழுசாக முன்கூட்டியே படித்துக்காட்டி, எந்த வரியைத் தன்னால் சொல்ல முடியாது என்று தனியாகக் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். மனநல ஆலோசகர் ஒருவர் படப்பிடிப்பு நாள் முழுக்க அங்கே இருக்கட்டும். கனமான காட்சியைக் காலையில் முதலில் வையுங்கள், பேக்கப்புக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். அதில் குளோஸ்-அப்பை முதலில் எடுத்துவிட்டு, காட்சி முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டருக்கு வாருங்கள். மாஸ்டரில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் நெருக்கத்தில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. மூன்று டேக்குக்கு மேல் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றுங்கள்.

நிஜமாகப் பாதிக்கப்பட்டவரிடம் கேட்டு எழுதினால், ஊர், வேலை, உறவுமுறை மூன்றையுமே மாற்றுங்கள். சிறிய மலைக் கிராமத்தில் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த நாளே ஆள் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதா 72-ஆம் பிரிவின்படி ரெண்டு வருடம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் சிறுமி என்றால் போக்சோ 23-ஆம் பிரிவு. கதை 2024 ஜூலைக்கு முன்னால் நடந்தால் பாத்திரங்கள் வாயில் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள்தான் வர வேண்டும். தியேட்டருக்குப் போவதாக இருந்தால் சென்சாரில் இப்போது யுஏ-விலேயே 7+, 13+, 16+ என்று பிரிவுகள் உண்டு. கொடுமையைக் காட்டாமல் பேச்சிலேயே வைத்த படத்துக்கு 16+ கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழை மனசில் வைத்துக்கொண்டு சொற்களை மழுப்பாதீர்கள்.

மலை ஏறுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒத்திகையின் எட்டாவது நாள் முழு ஸ்கிரிப்டையும் எட்டுப் பேரும் படிக்க, போனில் குரலை மட்டும் பதியுங்கள். கதையே தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்து, எங்கே யார் பேசுவது என்று குழம்புகிறதோ அந்த நிமிடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். குறி விழுந்த இடங்களில் நடிப்பைத் திருத்த வேண்டாம், எழுத்தைத் திருத்துங்கள்.